குரூப்பில் வாக்குவாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் 96 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பின் நலச் சங்கத்துக்கு ஆறு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்புக்கும் நான்தான் அட்மின். தண்ணீர் லாரி, லிஃப்ட், ஜெனரேட்டர் டீசல், பராமரிப்புக் கட்டணம், தெருநாய் என்று அங்கே சண்டை வராத மாதம் கிடையாது. சண்டை நடந்த இரவே சிலர் போன் செய்வார்கள். சிலர் மறுநாள் மாடிப்படியில் நிறுத்திக் கேட்பார்கள். ஆள்தான் மாறும், சந்தேகம் மாறாது. சொந்தக்காரர்கள் குரூப்பிலும் பழைய மாணவர்கள் குரூப்பிலும் இதே கதைதான் என்று பலர் சொன்னதால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்து எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். சில பதில்கள் பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த இலக்கணத்திலேயே இருக்கின்றன.

நான் சாதாரணமாத்தான் எழுதினேன். ஏன் எல்லாரும் கோபமா எழுதின மாதிரி எடுத்துக்கறாங்க?

எழுதும்போது உங்கள் குரல் உங்களுக்குள் ஓடுகிறது. படிப்பவருக்கு அது கேட்பதில்லை. 2005-ல் ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி முதலான அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிலரிடம் கிண்டலாகச் சில வரிகளும் உண்மையாகச் சில வரிகளும் எழுதி மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார்கள். எது கிண்டல் என்று படிப்பவர்கள் 100-க்கு 78 தடவை சரியாகக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். உண்மையில் கண்டுபிடித்தது 56 தடவை. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும். அதையே குரலில் கேட்டவர்கள் 73 தடவை சரியாகச் சொன்னார்கள்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம்முடைய சின்னச் சின்ன ஒட்டுகள் நிறைய வேலை செய்கின்றன. 'மூணாவது மாடியில பணம் கட்டிட்டாங்களாம்' என்று எங்கள் குரூப்பில் ஒருவர் எழுதினார். பொருளாளர் சொல்லக் கேட்டேன் என்பதற்காகத்தான் அந்த 'ஆம்' போட்டார். 'கட்டினதாச் சொல்லிக்கறாங்க, யாருக்குத் தெரியும்' என்று மூன்றாவது மாடிக்காரர்கள் படித்தார்கள். இன்னொரு முறை 'நாங்க மாசா மாசம் ஒழுங்கா கட்டிடறோம்' என்ற ஒரு வரியில் ஆரம்பித்த சண்டை நான்கு நாள் ஓடியது. 'நாம' என்றால் படிப்பவரும் உள்ளே இருக்கிறார். 'நாங்க' என்றால் அவர் வெளியே நிற்கிறார். அதுபோல, இத்தனை நாள் 'அண்ணே' என்று கூப்பிட்டவரைத் திடீரென்று 'சார்' என்று எழுதினால், மீதி வரி எவ்வளவு பணிவாக இருந்தாலும் அவருக்குச் சுருக்கென்றுதான் இருக்கும்.

நான் கடைப்பிடிக்கும் வழி இதுதான். அனுப்புவதற்கு முன், எனக்குப் பிடிக்காத ஒருவர் இதே வரியை எனக்கு அனுப்பியிருந்தால் எப்படி எடுத்துக்கொள்வேன் என்று ஒரு தடவை படித்துப் பார்ப்பேன். பாதி மெசேஜ்களில் ஒரு 'தான்' அல்லது ஒரு 'ஆம்' குறைந்துவிடும்.

தங்கிலீஷ்ல எழுதறதால புரியாம போகுதா?

பல சமயம் ஆமாம். ஆங்கில எழுத்தில் பாலமும் பழமும் பலமும் ஒன்றுபோலவே வந்து நிற்கும். அந்த மாதிரிக் குழப்பத்தைச் சிரித்துக் கடந்துவிடலாம். 'வந்தாங்க' என்பதா 'வந்தானுங்க' என்பதா என்று தெரியாமல் போகும்போதுதான் ஆபத்து, ஏனென்றால் மரியாதை அங்கேதான் இருக்கிறது. இப்போது பெரும்பாலான ஸ்மார்ட்போன்களில் பேசினால் தமிழில் தட்டெழுதிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. பணம், குற்றச்சாட்டு, ஆட்களின் பெயர் வரும் மெசேஜையாவது தமிழிலோ முழு ஆங்கிலத்திலோ எழுதுங்கள்.

கணக்கு கேட்டா குத்தமா? ஒரு கேள்வி கேட்டதுக்கே சண்டைக்கு வர்றாங்க.

கணக்குக் கேட்பது குற்றமே இல்லை. ஆனால் எந்த வகைக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. தனக்கு விடை தெரிந்தும் அடுத்தவருக்குத் தெரியுமா என்று சோதிக்கக் கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியா வினா. இதுவா அதுவா என்று கேட்பது ஐயவினா. ஒன்றை வாங்கிக்கொள்வதற்காகக் கேட்பது கொளல் வினா. கொடுப்பதற்காகக் கேட்பது கொடை வினா. ஒரு வேலையைச் செய்ய வைப்பதற்காகக் கேட்பது ஏவல் வினா. பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்துவிட்டோம். எனக்கு அது அட்மின் ஆன பிறகுதான் உதவியது.

'ஏப்ரல் மாச டீசல் பில் எங்கே?' என்ற ஒரே வரியைப் பாருங்கள். தெரியாமல் கேட்டிருக்கலாம். பில்லின் நகல் வேண்டும் என்று கேட்டிருக்கலாம். சீக்கிரம் போடுங்கள் என்று வேலை ஏவியிருக்கலாம். 'பில் இல்லை என்று எனக்குத் தெரியும், நீ என்ன சொல்கிறாய் பார்ப்போம்' என்ற அறிவினாவாகவும் இருக்கலாம். பொருளாளர் நாள் முழுக்க ஓடியாடிவிட்டு இரவு பத்து மணிக்கு இதைப் படித்தால், கடைசியில் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்.

அதனால் கேள்வியோடு காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். 'ஏப்ரலில் மின்வெட்டு அதிகமா இருந்துச்சு, டீசல் எவ்வளவு ஆச்சுன்னு தெரிஞ்சுக்கணும், பில் போட முடியுமா?' இப்படி எழுதினால் இது அறியா வினா, கூடவே கொளல் வினா என்று யாருக்கும் புரியும். உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் அதையும் நேராகச் சொல்லிவிடலாம்: 'மார்ச்சை விட 8,000 ரூபாய் கூடியிருக்கு, ஏன்னு புரியலை.' சந்தேகத்தை வெளிப்படையாகச் சொன்னால் வருத்தம் ஒரு நாளில் போய்விடும். மறைத்து வைத்துக் கேட்டால் அது ஒரு வருடம் நிற்கும்.

நேரா பதில் சொல்லாம சுத்திச் சுத்திப் பேசறவங்ககிட்ட என்ன பண்றது?

கேள்விக்கு ஆறு வகை போல விடைக்கு எட்டு வகை சொல்கிறது நன்னூல். சுட்டிக் காட்டுவது, மறுப்பது, ஒத்துக்கொள்வது என்ற மூன்றும் நேரான விடைகள். மீதி ஐந்தும் சுற்று வழி: நீயே செய் என்று ஏவுவது, கேள்விக்குக் கேள்வி கேட்பது, தனக்கு நேர்ந்ததைச் சொல்வது, இனி நேரப்போவதைச் சொல்வது, வேறொன்றைச் சொல்லி உணர்த்துவது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், அந்த ஐந்தையும் விடை என்றே ஏற்றுக்கொள்வதுதான். 'நாளைக்கு வருவீங்களா?' என்றால் 'கால் வலிக்குது' என்கிறோம். அதில் வரமாட்டேன் என்ற பொருள் இருக்கிறது. நம் ஊரில் பாதிப் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. அதற்காக ஒருவரை மழுப்புகிறார் என்று சொல்லிவிடக் கூடாது.

ஆனால் பொதுப் பணத்துக்கு அது போதாது. 'பெயின்ட் அட்வான்ஸ் திரும்பி வந்துச்சா?' என்று கேட்டபோது, 'நான் ரெண்டு வாரமா ஊர்லயே இல்லை' என்று ஒருவர் பதில் போட்டார். நேர்ந்ததைச் சொல்லியிருக்கிறார். அதைத் திட்டாமல் நேரான விடையாக மாற்றிக் கையில் கொடுத்தேன்: 'அப்படின்னா இன்னும் வரலைன்னு எடுத்துக்கலாமா?' இல்லை, ஆமாம் என்று இரண்டில் ஒன்றுதான் இனி சொல்ல முடியும். இரண்டு தடவை இப்படிக் கேட்டும் விடை வரவில்லை என்றால் நிறுத்திவிட்டு, அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் பட்டியலில் அதைச் சேர்த்துவிடுங்கள். மூன்றாவது தடவை கேட்டால், பார்க்கிறவர்கள் கண்ணுக்குக் கேட்பவர்தான் வம்புக்காரராகத் தெரிவார்.

நான் சொல்லாததைச் சொன்னதா வெச்சுக்கிட்டுத் திட்டறாங்களே?

எங்கள் குரூப்பில் அதிகமாக நடந்தது இதுதான். 'படிக்கட்டுக்குக் கீழ நாய்க்குச் சோறு வைக்க வேண்டாம்' என்று ஒரு பாட்டி பேரன் போனிலிருந்து எழுதினார். அரை மணி நேரத்தில் அது 'நாயைப் பட்டினி போட்டுக் கொல்லச் சொல்றாங்க' என்று ஆகிவிட்டது. அடுத்த அரை மணி நேரத்தில், சோறு வைப்பவர்கள் 'குழந்தைகளை நாய் கடிச்சாலும் பரவாயில்லைன்னு சொல்றவங்க' ஆனார்கள். இரண்டையும் யாருமே சொல்லவில்லை.

இப்படி ஆகும்போது, திரித்துச் சொன்னதை நீங்களும் எடுத்து எழுதி மறுக்காதீர்கள். 'நான் நாயைக் கொல்லச் சொல்லவில்லை' என்று எழுதினால் படிப்பவர் கண்ணில் நாய், கொலை என்ற இரண்டும்தான் நிற்கும். உங்களுடைய பழைய மெசேஜை அழுத்திப் பிடித்து, அதற்கே ரிப்ளை போட்டு மேலே கொண்டுவாருங்கள். 'நான் எழுதினது இதுதான். இதுல எந்த வார்த்தையில உங்களுக்கு மறுப்பு?' என்று கேளுங்கள். கேட்பதில் கோபம் வேண்டாம், உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். சில சமயம் நம் வார்த்தையிலேயே ஓட்டை இருக்கும்.

நாமும் அடுத்தவருக்கு இதைச் செய்யாமல் இருக்க வேண்டும். மறுப்பதற்கு முன், அவர் கருத்தை 'ஆமா, அதைத்தான் சொன்னேன்' என்று அவரே ஒத்துக்கொள்ளும்படி ஒரு வரியில் சொல்லிக் காட்டுங்கள். நம் தத்துவ நூல்களுக்கு இது பழைய வழக்கம். 13-ஆம் நூற்றாண்டின் சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதியாக இருக்கிறது. அடுத்தவர்கள் கொள்கையை எடுத்துச் சொல்லி மறுத்துவிட்டுத்தான் தன் கொள்கைக்கு வருகிறது. நாய் விஷயத்தில் நாங்கள் செய்ததும் அதுதான். இரண்டு பக்கமும் என்ன கேட்கிறார்கள் என்று எழுதிவிட்டு, 2023-ல் வந்த விலங்குக் கருத்தடை விதிகளை எடுத்துப் படித்தோம். சோறு வைக்க ஓர் இடமும் நேரமும் ஏற்பாடு செய்வது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு என்றும், அந்த இடம் படிக்கட்டு, வாசல், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. பாட்டி கேட்டதும் அதுதான், சோறு வைப்பவர்கள் கேட்டதும் அதுதான். மோட்டார் ரூமுக்குப் பின்னால் இடம் ஒதுக்கினோம்.

எதிர்த்துப் பேசினாலே 'விதண்டாவாதம்'னு சொல்லிடறாங்க. அது சரியா?

சரியில்லை. அந்தச் சொல்லுக்குத் துல்லியமான பொருள் இருக்கிறது. நியாய சாத்திரம் என்ற பழைய இந்தியத் தர்க்க மரபு விவாதத்தை மூன்றாகப் பிரிக்கும். உண்மை எது என்று கண்டுபிடிக்க இரண்டு பேரும் சேர்ந்து பேசுவது வாதம். எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்று பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு கருத்தையும் நிறுவாமல் அடுத்தவர் சொல்வதை இடிப்பது மட்டுமே விதண்டை. சூடாகப் பேசுவதற்கும் விதண்டாவாதத்துக்கும் சம்பந்தமே இல்லை. மிகவும் மென்மையாக, 'சார், தப்பா எடுத்துக்காதீங்க' என்று ஆரம்பித்தே விதண்டாவாதம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

'சரி, உங்க யோசனை என்ன?' என்று கேட்டால் எது நியாயமான மறுப்பு, எது விதண்டை என்று தெரிந்துவிடும் என்பார்கள். ஓரளவுக்குத்தான் அது உண்மை. லிஃப்ட் கதவு சரியாக மூடவில்லை என்று சொல்பவரிடம் மாற்றுத் திட்டம் கேட்கக் கூடாது. ஆபத்தைச் சொன்னதே அவர் செய்த உதவி. தண்ணீர் லாரியும் வேண்டாம், புது போர்வெல்லும் வேண்டாம், கட்டணமும் கூட்டாதீர்கள் என்று வரும் ஒவ்வொரு யோசனையையும் ஆறு மாதமாக இடிப்பவரிடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். நன்னூலே நூலாசிரியர்கள் எடுக்கக்கூடிய ஏழு நிலைகளில் உடன்படுவதை முதலாவதாகவும் மறுப்பதை இரண்டாவதாகவும் வைக்கிறது. மறுப்பு ஒரு மரியாதையான நிலைதான்.

ஒண்ணுக்குப் பதில் சொன்னா 'அப்போ அது மட்டும் சரியா?'ன்னு வேற ஒண்ணுக்குத் தாவறாங்க.

தாவலில் இரண்டு வகை உண்டு. முதல் வகை தப்பிப்பது. கார் தப்பான இடத்தில் நிற்கிறது என்றால் 'போன வருஷம் பொங்கல் விழாக் கணக்கு என்னாச்சு?' என்பார்கள். 'அதையும் பேசலாம், தனியா ஒரு மெசேஜ் போடுங்க, இப்போ காரை எடுத்துடுங்க' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். போட்டால் அதற்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வகைக்கு நாம் காது கொடுக்க வேண்டும். 'வாடகைக்கு இருக்கறவங்க காருக்கு மட்டும் அபராதம், ஓனர் காருக்கு இல்லையா?' என்பது பார்க்கத் தாவல் போல இருக்கும். ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றா என்றுதான் அவர் கேட்கிறார். அந்தக் கேள்வி விஷயத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் அவர் சொன்னது உண்மையாகவும் இருந்தது. தாவுகிறார் என்று தள்ளியிருந்தால் ஓர் அநியாயத்தை மூடியிருப்போம்.

பத்துக் குற்றச்சாட்டை ஒரே மெசேஜ்ல கொட்டினா எல்லாத்துக்கும் பதில் சொல்லணுமா?

வேண்டியதில்லை, முடியவும் முடியாது. ஒரு அபத்தத்தைச் சொல்ல ஆகும் சக்தியைப் போலப் பத்து மடங்கு அதை மறுக்க ஆகும் என்று இத்தாலிய மென்பொருள் வல்லுநர் ஆல்பெர்ட்டோ பிராண்டோலினி 2013-ல் சொன்னது ஒரு விதி போலவே நிலைத்துவிட்டது. பத்தில் எட்டுக்குப் பதில் சொன்னால், விட்டுப்போன இரண்டைப் பிடித்துக்கொண்டு 'இதுக்கு வாயே திறக்கலையே' என்பார்கள்.

அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: 'இதுல உங்களுக்கு ரொம்ப முக்கியமானது எது? அதை முதல்ல பார்ப்போம்.' தேர்ந்தெடுத்த ஒன்றுக்குப் பில், தேதி, தொகை எல்லாம் வைத்து முழுமையாகப் பதில் சொல்லுங்கள். தேர்ந்தெடுக்க மறுத்தால், பணம் சம்பந்தப்பட்ட ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மீதியைக் கூட்டத்துக்கு எழுதித் தரச் சொல்லலாம்.

பெருசா ஒண்ணு சொல்லிட்டு, கேட்டா 'நான் பொதுவாத்தான் சொன்னேன், யார் பேரையும் சொல்லலையே'ங்கறாங்க.

இதற்குத் தமிழில் நல்ல பெயர் இருக்கிறது, சாடை பேசுவது. நம் மொழியும் அதற்கு வசதி செய்து கொடுக்கிறது. எழுவாயே இல்லாமல் வாக்கியம் நிற்கும். 'நல்லாச் சாப்பிடறாங்க' என்றால் யார், எத்தனை பேர், எதை என்று ஒன்றும் இருக்காது. 'ங்க' என்பது பன்மையா, மரியாதையா என்றும் தெரியாது. எல்லோருக்கும் யாரைச் சொல்கிறார் என்று புரியும். கேட்டால் மட்டும் யாரையும் சொல்லவில்லை.

'என்னைத்தானே சொல்றீங்க?' என்று கேட்டுவிடாதீர்கள். 'உங்களுக்கு ஏன் உறுத்துது?' என்பார். அதற்குப் பதில் கிடையாது. யாரையும் சொல்லவில்லை என்று அவர் பின்வாங்கிச் சொன்னதையே பிடித்துக்கொள்ளுங்கள். 'யார் மேலயும் குற்றச்சாட்டு இல்லைன்னு சொன்னதுக்கு நன்றி. அப்படியே எடுத்துக்கறேன். யார் மேலயாவது இருந்தா பேரும் தொகையும் போட்டுக் கடிதமாக் கொடுங்க, செயற்குழு பார்க்கும்.' இதைக் கிண்டலாகச் சொன்னால் பலிக்காது. உண்மையிலேயே கடிதம் கொடுத்தால் விசாரிக்கத் தயாராக இருந்தால்தான் இதைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது. விசாரித்ததில், செக்யூரிட்டி ஏஜென்சிக்கு ஒரு மாதச் சம்பளம் இரண்டு தடவை போயிருந்தது.

பொம்பளைங்க எழுதினா மட்டும் 'உங்க வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்க'ங்கறாங்க.

எனக்கே மூன்று தடவை நடந்திருக்கிறது. முதல் தடவை நான் பேசாமல் இருந்துவிட்டேன். அது தவறு. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து, அடுத்து இரண்டு பெண்கள் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள்.

அந்த இடத்தில் விவாதத்தைத் தொடரக் கூடாது. முதலில் இதைத் தீர்க்க வேண்டும்: 'இந்தக் குரூப்ல நான் உறுப்பினர். கேள்வி என்னுடையது. பதில் எனக்குச் சொல்லுங்க.' இவ்வளவு போதும். இதற்குப் பிறகு அட்மினோ வேறு யாராவதோ 'அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். தனியாக மெசேஜ் போட்டு 'நல்லாச் சொன்னீங்க மேடம்' என்பதால் பயன் இல்லை. எல்லோரும் பார்க்கிற இடத்தில் நடந்ததற்கு எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே துணை நிற்க வேண்டும். சாதி, ஊர், மதம் சொல்லிக் குத்தும்போதும் இதேதான்.

பெரியப்பா அனுப்பற ஃபார்வர்டு தப்புன்னு சொன்னா மனசு கஷ்டப்படறாரு. சொல்லாம விட்டுடலாமா?

யாருக்கும் கெடுதல் இல்லாததை விட்டுவிடலாம். மருந்து, பணம், ஒரு சமூகத்தின் மேல் பழி, இந்த மூன்றில் எது இருந்தாலும் விடக் கூடாது. மெசேஜின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஏற்கெனவே பல கை மாறி வந்தது என்று பொருள். 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோ மட்டும்தான் அனுப்ப முடியும்.

சொல்லும் விதம்தான் முக்கியம். திருநள்ளாறு கோவிலுக்கு மேலே வந்தால் செயற்கைக்கோள் மூன்று நொடி நின்றுவிடுகிறது என்ற செய்தி பல வருடமாகச் சுற்றுகிறது. என் பெரியப்பாவும் அனுப்பினார். நான் குரூப்பில் ஒன்றும் எழுதவில்லை. போனில் கூப்பிட்டுச் சாப்பிட்டாரா என்று விசாரித்துவிட்டு, 'பெரியப்பா, தாழ்வாச் சுத்தற செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்துல போகுது. அந்த வேகத்தாலதான் அது மேல இருக்கு. நின்னா கீழ விழுந்துடும். திருநள்ளாறுக்கு நாம போறதுக்கு இந்தச் செய்தி வேணுமா?' என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அவரே அதை அழித்துவிட்டார். பத்துப் பேரப்பிள்ளைகள் இருக்கும் குரூப்பில் நான் அதைத் தப்பு என்று எழுதியிருந்தால், அவர் அந்தச் செய்திக்காகக் கடைசி வரை வாதாடியிருப்பார். தன் மரியாதைக்காக வாதாட வேண்டிய நிலையில் அவரை நான் வைத்திருப்பேன்.

அப்போ எல்லாத்தையும் தனியாவே பேசிடலாமே?

கூடாது. பணமும் முடிவுகளும் குரூப்பில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அவை எல்லோருக்கும் சொந்தம். ஒருவர் பேசிய தொனி, ஒருவர் செய்த பிழை, மனவருத்தம் ஆகியவை போனுக்கு உரியவை. முதல் கேள்வியில் குரலுக்கு 73, எழுத்துக்கு 56 என்று சொன்னது இதற்காகத்தான். தனியாகப் பேசியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குரூப்பில் போடுவது மட்டும் ஒருநாளும் வேண்டாம். அதற்குப் பிறகு உங்களிடம் யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள்.

தப்பு என் மேலதான்னு பாதியில தெரிஞ்சா என்ன பண்றது?

அதே இடத்தில், அதே அளவு சத்தமாக ஒத்துக்கொள்ளுங்கள். கட்டணம் பாக்கி வைத்தவர்கள் பட்டியலில், ஏற்கெனவே கட்டிவிட்ட ஒருவர் வீட்டு எண்ணை நான் போட்டுவிட்டேன். அவர் மறுத்தபோது வங்கிக் கணக்கைச் சரியாகப் பார்க்காமல் மூன்று தடவை அவரோடு வாதாடினேன். நான்காவது தடவை பார்த்தபோது பணம் அவர் மனைவி பெயரில் வந்திருந்தது.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய மெசேஜை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், இரண்டு நாள் வரைக்கும் அழிக்கலாம். இரண்டையும் நான் செய்யவில்லை. பழைய மெசேஜ்களை அப்படியே விட்டுவிட்டு, 'பணம் 5-ஆம் தேதியே வந்திருக்கு. நான் சரியாப் பார்க்கலை. மூணு தடவை உங்களை மறுத்துப் பேசினதுக்கு மன்னிச்சுடுங்க' என்று அவர் பெயரைக் குறிப்பிட்டு எழுதினேன். 'யாராவது மனசு புண்பட்டிருந்தா மன்னிக்கவும்' என்பது மன்னிப்பு இல்லை. அதில் தப்பு யார் மேல் என்றே இருக்காது. சாடைக்குச் சொன்ன அதே குறைதான் இதிலும்.

அட்மின் எதை அழிக்கலாம்? யாரோ போடற மெசேஜுக்கு அட்மின் மேல கேஸ் வருமா?

வசவு, சாதிப் பேச்சு, பெண்களைப் பற்றிய ஆபாசம், அடுத்தவர் போன் எண் அல்லது மருத்துவ விவரம், இவற்றைக் கேட்காமலே அழிப்பேன். அழித்ததும் ஏன் என்று ஒரு வரி எழுதிவிடுவேன். என்னைப் பற்றிய விமர்சனத்தை ஒருநாளும் அழித்ததில்லை. சண்டை இரவு பத்து மணியைத் தாண்டினால், அட்மின் மட்டும் எழுதும்படி குரூப்பைப் பூட்டிவிட்டுக் காலை ஏழு மணிக்குத் திறப்பேன். எந்த நேரத்தில் திறக்கப்படும் என்று சொல்லிவிட்டுப் பூட்டினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

வழக்கைப் பொறுத்தவரை, கரூர் வழக்கறிஞர்கள் குரூப் ஒன்றில் வந்த பதிவு தொடர்பாக 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அட்மின் வேலையை மட்டும் செய்து, வேறு எந்தப் பங்கும் இல்லை என்றால், அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்க வேண்டும். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர்க் கிளையும் அதே ஆண்டில் இதே போக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அந்தப் பதிவுக்கு நீங்களும் கைதட்டினால், திட்டம் போட்டுக் கொடுத்தால், அப்போது நீங்கள் வெறும் அட்மின் இல்லை.

பதில் சொல்லாம விட்டாலோ, குரூப்பை விட்டு வெளியே போனாலோ தோத்த மாதிரி ஆயிடாதா?

பழைய நியாய சாத்திர மரபில், பதில் சொல்ல முடியாமல் நிற்பதும் தோல்விக்கான 22 காரணங்களில் ஒன்று. ஆனால் அங்கே ஒரு சபை இருந்தது, நடுவர் இருந்தார், வாதம் முடியும் நேரம் ஒன்று இருந்தது. குரூப்பில் இந்த மூன்றும் இல்லை. கடைசியாக எழுதியவர் ஜெயித்தவர் என்று யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை. உங்கள் கருத்தையும் ஆதாரத்தையும் ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டு, எதிரே இருப்பவர் மேலே சொன்ன விதண்டைக்குள் போய்விட்டார் என்று தெரிந்தால், 'என் பக்கத்தைச் சொல்லிட்டேன். கூட்டத்துல பேசிக்கலாம்' என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அரை மணி நேரம் கழித்து இன்னொரு வரி சேர்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். அந்த நேரத்தில் நான் போனைச் சமையலறையில் சார்ஜரில் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விடுவேன்.

வெளியேறுவது வேறு விஷயம். தூக்கம் கெடுகிறது, போன் ஒலித்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் வெளியேறிவிடுங்கள். 2022-க்குப் பிறகு, நீங்கள் விலகியது அட்மினுக்கு மட்டும்தான் தெரிவிக்கப்படும். கோபமாக நீண்ட கடிதம் எழுதிவிட்டுப் போகாதீர்கள், திரும்பி வரும் வழி அடைபட்டுவிடும். அட்மினுக்கு மட்டும் தனியாக, 'தண்ணி நிறுத்தம், லிஃப்ட் ரிப்பேர், கூட்டத் தேதி, இந்த மூணை மட்டும் எனக்கு அனுப்பிடுங்க' என்று எழுதுங்கள். எங்கள் குடியிருப்பில் அப்படி நான்கு வீட்டுக்கு ஆறு வருடமும் அனுப்பிக்கொண்டிருந்தேன். புதிய செயலாளரிடம் பொறுப்பைக் கொடுத்தபோது, சாவிக்கொத்தோடு அந்த நான்கு வீட்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.